5,000 ரூபாய் பட்ஜெட்ல டார்க் ரெஞ்ச்: பிராண்டைக் கேக்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி



ஃபைனான்ஸ் பேசுற இடத்துல டார்க் ரெஞ்ச் எதுக்குன்னு சிலருக்குத் தோணலாம். ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள பெல்ட்டுல வேலை பார்க்குறவங்களுக்குத் தோணாது. ஐடிஐ, டிப்ளமோ முடிச்சு பிளான்ட்லயோ ஹார்பர்லயோ வேலைக்குச் சேர்ந்த பசங்களுக்கு டூல்ஸ் ஒரு நிஜமான செலவு. சொந்தமா புல்லட்டோ பழைய காரோ வச்சு, ஞாயித்துக்கிழமை அதைக் கழட்டி மாட்டுறவங்களும் நிறைய பேர் இருக்கீங்க. 25,000 ரூபாய் சம்பளத்துல 5,000 ரூபாய் டூல்னா, அது மாசச் சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கு. அவ்வளவு பணத்தை யோசிச்சுத்தான் போடணும்.

எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த பிராண்ட் வாங்கலாம்?" அது கடைசியா வர வேண்டிய கேள்வி. அதுக்கு முன்னாடி மூணு கேள்வி இருக்கு. யாரோட வேலைக்கு? எந்த போல்ட்டுக்கு? அது சரியான அளவு காட்டுதுன்னு யார் சர்டிபிகேட் கொடுக்குறாங்க? இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சா பிராண்ட் தானா முடிவாகிடும். சில பேருக்கு வாங்கவே வேண்டாம்னு கூட முடிவாகும்.

முதல்ல, இது என்ன மாதிரி டூல்?

ஸ்பேனர் போல்ட்டைத் திருகும். டார்க் ரெஞ்ச் எவ்வளவு விசையில திருகுறோம்னு அளக்கும். அப்போ இது தராசு, மைக்ரோமீட்டர், பிரஷர் கேஜ் ஜாதி. பார்க்கத்தான் ஸ்பேனர் மாதிரி இருக்கும். வாங்கும்போது ஸ்பேனர் வாங்குற மனசோட போனா, கனமா, பளபளன்னு இருக்குறதை எடுத்துட்டு வந்துடுவோம். தராசு வாங்கும்போது யாரும் அது எவ்வளவு பளபளப்புன்னு பார்க்க மாட்டோம். எடை சரியா காட்டுதான்னு பார்ப்போம்.

இந்த டூல் கார் கம்பெனிக்காகப் பிறந்தது கூட இல்ல. நியூயார்க் நகரத் தண்ணீர் துறையில வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், குழாய் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை ஆட்கள் ஓவரா இறுக்கி உடைக்கிறதைத் தடுக்க 1918 வாக்கில் கண்டுபிடிச்சது. இன்னிக்கும் மணலி ரிஃபைனரி மாதிரி இடத்துல ஃபிளாஞ்ச் போல்ட் இறுக்குறவங்களுக்கு அதே பிரச்சினைதான். ஒரு பக்கம் கூடிப் போனா கேஸ்கெட் நசுங்கும். குறைஞ்சா கசியும்.

"நமக்குக் கைக்கணக்கே போதும்"னு சொல்ற சீனியர் அண்ணன்கள் எல்லா ஷெட்லயும் இருப்பாங்க. அவங்க அனுபவத்தை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா கணக்கு இப்படி இருக்கு: நாம போல்ட்டுல கொடுக்குற டார்க்குல தோராயமா 50 சதவீதம் போல்ட் தலைக்கு அடியில உரசுறதுலயே போயிடும். 40 சதவீதம் மரையில உரசுறதுல போகும். மிச்சம் 10 சதவீதம்தான் ரெண்டு பாகத்தைச் சேர்த்துப் பிடிக்குது. உரசல் கொஞ்சம் மாறினாலே பிடிமானம் நிறைய மாறிடும். கடல் பக்கத்துல வண்டி நிக்குது. உப்புக் காத்துல மரையில லேசா துரு ஏறியிருக்கும். கைக்கு "நல்லா டைட் ஆயிடுச்சு"ன்னு தோணும். உள்ள பிடிமானம் பாதிகூட இருக்காது. அதே மரையில கிரீஸ் தடவி அதே விசை கொடுத்தா, போல்ட் தாங்குற அளவை மீறி இழுபடும். அலுமினிய இன்ஜின் பாடின்னா மரையே போயிடும். ஒரு சின்ன டிரெய்ன் போல்ட் மரை போனா வர்ற செலவு, பல சமயம் டார்க் ரெஞ்ச் விலையையே தாண்டும்.

அதனால இந்த டூல் தேவைதான். அது உங்க காசுல வரணுமாங்கிறது அடுத்த விஷயம்.

கேள்வி 1: யாரோட வேலைக்கு?

இந்தப் பதிவுல ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீங்கன்னா, இதைப் படிங்க.

கம்பெனி வேலைக்கு டார்க் ரெஞ்ச் வேணும்னா, உங்க காசுல வாங்காதீங்க.

கான்ட்ராக்ட்ல, டிரெய்னியா இருக்குறவங்ககிட்ட "உன் டூல் கிட்டை நீயே கொண்டு வா"ன்னு சொல்றது பல இடத்துல நடக்குது. ஸ்க்ரூ டிரைவர், பிளையர், ரிங் ஸ்பேனர்னா கூடப் பரவாயில்ல. அளவிடுற கருவி விஷயம் வேற.

ராயல் என்ஃபீல்டு வண்டி வர்ற திருவொற்றியூரும், 1948-ல் அசோக் மோட்டார்ஸ்ங்கிற பேர்ல ஆரம்பிச்ச அசோக் லேலண்டோட எண்ணூரும் இருக்குற பெல்ட் இது. இங்க வாகன உதிரிபாகம் சப்ளை பண்ற கம்பெனிகள் பலதும் ஐஏடிஎஃப் 16949-ங்கிற தரச் சான்று வச்சிருப்பாங்க. அந்த விதிமுறைப்படி, அளவிடும் கருவிகள் எல்லாத்துக்கும் காலிபிரேஷன் பதிவு இருக்கணும். தொழிலாளி சொந்தமா கொண்டு வர்ற கருவியும் அதுல சேரும்னு அதுலயே தெளிவா எழுதியிருக்கு. ஐஎஸ்ஓ 9001 மட்டும் வச்சிருக்குற கம்பெனியிலயும், அளவு சரின்னு நிரூபிக்க வேண்டிய இடத்துல காலிபிரேஷன் கட்டாயம் வரும்.

இதோட அர்த்தம் என்ன? உங்க சொந்த ரெஞ்சை ரெஜிஸ்டர்ல ஏத்தாம, டேக் ஒட்டாம லைன்ல பயன்படுத்துறீங்கன்னு வைங்க. ஒரு நாள் ஆடிட்ல மாட்டினாலோ, ஒரு பார்ட் ஃபெயிலாகித் திரும்பி வந்தாலோ, முதல் கேள்வி "யார் இறுக்குனது, எந்த ரெஞ்ச்?"னுதான் வரும். அப்போ மேஜை மேல இருக்குறது உங்க பேரும் உங்க ரெஞ்சும்தான். 5,000 ரூபாய் போட்டு டூல் வாங்கினதோட, கம்பெனி எடுத்துக்க வேண்டிய ரிஸ்க்கையும் சேர்த்து நீங்க வாங்கிட்டீங்க.

இப்போ என் தொழில் கணக்குக்கு வரேன். ரெஞ்ச் விலை 5,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 900, மொத்தம் 5,900 ரூபாய்னு வச்சுக்கோங்க.

கம்பெனி பேர்ல பில் போட்டா, ஜிஎஸ்டியில பதிவு பண்ணி வரி கட்டுற கம்பெனிக்கு அந்த 900 ரூபாய் பொதுவா இன்புட் கிரெடிட்டா திரும்பிடும். மிச்சம் 5,000-க்கு வருஷா வருஷம் தேய்மானம் கழிச்சுக்கலாம். கம்பெனிக்கு உண்மையான செலவு 5,000-க்கும் கீழதான்.

நீங்க வாங்கினா? 5,900 முழுசா உங்க பாக்கெட்ல இருந்து, அதுவும் பிஎஃப், வரி எல்லாம் பிடிச்சது போக கைக்கு வந்த காசுல இருந்து போகுது. சம்பளக்காரங்களுக்கு டூல் செலவைக் காட்டி வரிக் கழிவு வாங்க வழியே இல்ல. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் ஒண்ணுதான் இருக்கு. புது வரி முறையில 75,000, பழைய முறையில 50,000. நீங்க டூல் வாங்கினாலும் வாங்காட்டியும் அதே தொகைதான்.

அதனால சூப்பர்வைசர்கிட்ட சண்டை போடாம, மரியாதையா இப்படிக் கேளுங்க: "சார், நான் கொண்டு வர்றேன். ஆனா இதை காலிபிரேஷன் லிஸ்ட்ல ஏத்தணுமே. சர்டிபிகேட் செலவு யார் பார்த்துக்குவாங்க? இல்லன்னா ஸ்டோர்ஸ்லயே ஒண்ணு வாங்கி இஷ்யூ பண்ணிட்டா நல்லா இருக்கும்." கேக்குறதுல தப்பே இல்ல. குவாலிட்டி டிபார்ட்மென்ட் காதுல இந்தக் கேள்வி விழுந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

அப்படியும் நீங்கதான் வாங்கியாகணும்னு நிலைமை வந்தா, கம்பெனி பேர்லயே பில் போட்டு, அதைக் கொடுத்துக் காசைத் திரும்ப வாங்குங்க. ஆபீஸ் வேலைக்கு ஆன செலவை பில்லுக்கு எதிரா திருப்பிக் கொடுத்தா அது உங்க வருமானத்துல சேராது. "சம்பளத்துல 500 ரூபாய் டூல் அலவன்ஸா சேர்த்துடுறோம்"னு சொன்னா, அது சாதாரணமா சம்பளத்தோட சேர்ந்து வரிக்கணக்குக்கு வரும். ரெண்டும் ஒரே மாதிரி தெரியும். ஆனா கணக்குல வேற வேற.

கேள்வி 2: எந்த போல்ட்டுக்கு?

இனி சொந்த வண்டிக்கு வாங்குறவங்களுக்கு.

கடையில "5-ல இருந்து 210 வரைக்கும் எல்லாம் ஒரே ரெஞ்ச்ல பண்ணலாம்"னு சொன்னா கொஞ்சம் நிதானிங்க. கிளிக் டைப் ரெஞ்ச்ல உள்ள ஒரு ஸ்பிரிங்தான் எல்லா வேலையும் செய்யுது. அதோட உச்ச அளவுல 20 சதவீதத்துக்குக் கீழ அதை நம்ப முடியாது. 200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச்னா 40-க்குக் கீழ வேண்டாம்.

பொதுவா கடையில கிடைக்கிறது மூணு சைஸ்:

– 1/4 இன்ச் டிரைவ்: ஏறக்குறைய 5-ல இருந்து 25 நியூட்டன் மீட்டர். சின்ன கவர் போல்ட்டுகளுக்கு.
– 3/8 இன்ச் டிரைவ்: ஏறக்குறைய 20-ல இருந்து 100 அல்லது 110 வரை. பைக் வேலையில பெரும்பகுதி இதுக்குள்ள வந்துடும்.
– 1/2 இன்ச் டிரைவ்: ஏறக்குறைய 40-ல இருந்து 200 அல்லது 210 வரை. கார் வீல் நட்டுக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. உங்க வண்டியோட சர்வீஸ் மேனுவலை எடுத்து, நீங்க நிஜமா கை வைக்கப் போற போல்ட்டுகளை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. டிரெய்ன் போல்ட், ஆக்சில் நட், பிரேக் காலிப்பர், வீல் நட், அவ்வளவுதான் வரும். பக்கத்துல டார்க் அளவை எழுதுங்க. பெரும்பாலான அளவு எந்த ரேஞ்சுக்கு நடுவுல விழுதோ, அந்த ஒரு ரெஞ்ச் போதும். பைக் மட்டும் வச்சிருக்குறவங்க 1/2 இன்ச் பெரிய ரெஞ்ச் வாங்கி, அதால டிரெய்ன் போல்ட்டை இறுக்கினா, காசும் போகும், மரையும் போகும்.

மூணு சைஸும் சேர்ந்த செட் ஆஃபர்ல வந்தாலும் என் கருத்து ஒண்ணுதான்: அந்தக் காசுக்குத் தேவையான ஒண்ணை நல்லதா வாங்குங்க.

அளவு எந்த யூனிட்ல இருக்குன்னும் பாருங்க. பழைய மேனுவல்ல கிலோ மீட்டர் கணக்குல இருக்கும் (தூரம் இல்ல, கிலோகிராம் விசை பெருக்கல் மீட்டர்). 1 கிலோகிராம் மீட்டர்னா ஏறக்குறைய 9.8 நியூட்டன் மீட்டர். அமெரிக்க வீடியோக்கள்ல ஃபுட் பவுண்ட்ல சொல்லுவாங்க. 1 ஃபுட் பவுண்ட் 1.356 நியூட்டன் மீட்டர். 100 நியூட்டன் மீட்டர்னு போட வேண்டிய இடத்துல 100 ஃபுட் பவுண்ட் வச்சா, 136 நியூட்டன் மீட்டர் போயிடும். 36 சதவீதம் அதிகம். எவ்வளவு விலை உயர்ந்த ரெஞ்சும் இந்தத் தப்பைத் தடுக்காது.

டைப் விஷயத்துல மூணு வகை. பீம் டைப்ல ஒரு முள் ஸ்கேல் மேல நகரும். உள்ள ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப் போக அதிகம் எதுவும் இல்ல, விலையும் குறைவு. ஸ்கேலை நேரா பார்த்துப் படிக்கணும்ங்கிறதுதான் கஷ்டம். கிளிக் டைப்ல அளவு வச்சுட்டா சத்தம் கொடுக்கும். வண்டிக்கு அடியில படுத்து வேலை செய்யறவங்களுக்கு இது வசதி. டிஜிட்டல் நல்லா இருக்கும், ஆனா பேட்டரி, சென்சார், நம்ம ஊர் உப்புக் காத்து எல்லாம் சேரும்போது 5,000 ரூபாய் பட்ஜெட்ல நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் பயன்படுத்துவீங்கன்னா பீம் டைப்பே போதும். அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல.

கேள்வி 3: சரின்னு யார் சொல்றாங்க?

இங்கதான் காசு போடணும்.

கையால பயன்படுத்துற டார்க் ரெஞ்சுகளுக்கு ஐஎஸ்ஓ 6789-ன்னு ஒரு சர்வதேசத் தரம் இருக்கு. அதன்படி, அளவை மாத்தி வைக்கிற வழக்கமான கிளிக் டைப் ரெஞ்ச் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல 4 சதவீதம் கூடவோ குறையவோதான் தப்பலாம். 10-ம் அதுக்குக் கீழயும் உச்ச அளவு உள்ள ரெஞ்சுக்கு 6 சதவீதம். 100 வச்சா 96-க்கும் 104-க்கும் நடுவுல இருக்கணும். பெட்டியில தனிப்பட்ட சர்டிபிகேட் ஒண்ணு வரணும். அதுல இருக்குற சீரியல் நம்பரும் ரெஞ்ச் கைப்பிடியில அடிச்சிருக்குற சீரியல் நம்பரும் ஒண்ணா இருக்கணும். கடையிலேயே ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்பரே இல்லாம "டெஸ்டட் ஓகே"ன்னு மட்டும் அச்சடிச்ச அட்டை ஒரு அட்டைதான்.

அதுக்கு அப்புறமும் ஸ்பிரிங் தளரும். அந்தத் தரத்துலயே, பயன்படுத்துறவங்க வேற இடைவெளி வச்சுக்காத பட்சத்துல, 12 மாசம் அல்லது 5,000 தடவை, இதுல எது முதல்ல வருதோ அப்போ மறுபடி சோதிக்கணும்னு சொல்லியிருக்கு. நம்ம நாட்டுல இதுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ள காலிபிரேஷன் லேப்கள் இருக்கு. அங்கீகாரம் இருக்கான்னு என்ஏபிஎல் இணையதளத்துலயே பார்த்துக்கலாம். டார்க் அளவுக்கு அங்கீகாரம் இருக்கான்னு குறிப்பா பாருங்க. ஒரு லேபுக்கு வெப்பநிலை அளவுக்கு மட்டும் அங்கீகாரம் இருக்கலாம்.

பிளான்ட்ல வருஷா வருஷம் பண்ணியே ஆகணும். வீட்டுல வருஷத்துக்குப் பத்து, பதினஞ்சு தடவை பயன்படுத்துற ரெஞ்சுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போதும்ங்கிறது என் கருத்து. கீழ விழுந்துட்டா மட்டும் தேதி பார்க்காம உடனே அனுப்புங்க.

இப்போ மொத்தக் கணக்கு

கீழ உள்ள விலையெல்லாம் கணக்குக்காக எடுத்துக்கிட்டது. நீங்க கடையில கேட்ட விலையைப் போட்டுப் பாருங்க. காலிபிரேஷன் ஒரு தடவைக்கு 800 ரூபாய், ஜிஎஸ்டி 144, ஆக 944-ன்னு வச்சுக்குவோம். அஞ்சு வருஷத்துல ரெண்டு தடவைன்னா 1,888. ரெஞ்ச் விலைகள் ஜிஎஸ்டி சேர்த்த விலை.

ஒண்ணு: சர்டிபிகேட் இல்லாத 1,500 ரூபாய் ரெஞ்ச். அது சரியான்னு தெரியணும்னா முதல் நாளே 944 செலவு. ஆக 2,444. லேப்ல "20 சதவீதம் தப்பு"ன்னு வந்தா மொத்தமும் போச்சு. சோதிக்காமலே வச்சுக்கிட்டா இன்னும் மோசம். கைக்கணக்குல இறுக்குறவன் சந்தேகத்தோட இறுக்குவான். தப்பான ரெஞ்ச் வச்சிருக்குறவன் தைரியமா தப்பா இறுக்குவான்.

ரெண்டு: சர்டிபிகேட்டோட 5,000 ரூபாய் ரெஞ்ச். 5,000-மும் 1,888-ம் சேர்ந்து 6,888. அஞ்சு வருஷத்துக்கு வகுத்தா வருஷத்துக்கு 1,378 ரூபாய்.

மூணு: 15,000 ரூபாய் இம்போர்ட்டட் ரெஞ்ச். 16,888. வருஷத்துக்கு 3,378 ரூபாய்.

ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் வருஷத்துக்கு 2,000 ரூபாய் வித்தியாசம். விலை கூடின ரெஞ்ச் தினமும் நூறு தடவை கிளிக் ஆகுற ஒர்க்‌ஷாப்புல அந்தக் காசைச் சம்பாதிச்சுக் கொடுத்துடும். ரொம்ப நாள் உழைக்கும், சில மாடல்ல துல்லியமும் கூட. மாசம் ஒரு தடவை எடுக்குற வீட்டுல அந்த உழைப்புக்கு வேலையே இல்ல. அதனால நடுத்தர பட்ஜெட்டுக்கு என் ஓட்டு ரெண்டாவதுக்கு. பட்ஜெட் போடும்போதே 5,000-த்தை மட்டும் எழுதாம, பின்னாடி வர்ற 1,888-ஐயும் சேர்த்து எழுதுங்க. அதை எடுத்து வைக்க முடியாதுன்னா, விலை குறைஞ்ச பீம் டைப்புக்குப் போறது புத்திசாலித்தனம்.

வாங்கவே வேண்டாம்னு சொன்னேனே, அது யாருக்கு? மாசம் ஒரு தடவை பயன்படுத்தினா ஒரு தடவைக்கு 115 ரூபாய் ஆகுது. வருஷத்துக்கு நாலு தடவைன்னா ஒரு தடவைக்கு 345. அந்தக் காசுக்கு டார்க் ரெஞ்ச் வச்சிருக்குற நல்ல மெக்கானிக்கைப் பிடிச்சு, "அண்ணே, வீல் நட்டை ரெஞ்ச் வச்சே டைட் பண்ணுங்க"ன்னு பக்கத்துல நின்னு கேட்டுக்கலாம். இன்னொரு வழியும் இருக்கு. ஒரே தெருவுல, ஒரே ஷிஃப்ட்ல இருக்குற மூணு பேர் சேர்ந்து வாங்குங்க. 6,888-ஐ மூணா பிரிச்சா ஒருத்தருக்கு 2,296. வருஷத்துக்கு 460 ரூபாய் கூட இல்ல. யார்கிட்ட இருக்கும், கீழ போட்டா யார் காலிபிரேஷன் செலவு கொடுக்குறதுன்னு மட்டும் முன்னாடியே பேசிடுங்க. நட்பு கெடாது.

ஞாயித்துக்கிழமைல காசு வாங்கிட்டு வண்டி பார்த்துக் கொடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது தொழில் வருமானம். ரிட்டர்ன்ல காட்டணும். கணக்குப் புத்தகம் எழுதினா டூலுக்குத் தேய்மானம் கழிக்கலாம். மொத்த வரவுல 6 அல்லது 8 சதவீதத்தை லாபமா காட்டுற உத்தேச முறையில போனா, எல்லாச் செலவும் அதுக்குள்ளயே அடக்கம். தனியா கழிக்க முடியாது. உங்க கம்பெனி வேலை நிபந்தனையில வெளி வேலைக்குத் தடை இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

எங்க, எப்படி வாங்குறது?

விம்கோ நகர்லயோ திருவொற்றியூர்லயோ மெட்ரோ ஏறினா மண்ணடியில இறங்கலாம். லிங்கிச் செட்டித் தெரு, பிராட்வே பக்கம் டூல்ஸ் கடைகள்ல கையில எடுத்துப் பார்த்து வாங்கலாம். கேக்க வேண்டியது நாலே விஷயம்: சீரியல் நம்பரோட சர்டிபிகேட் இருக்கா, ஐஎஸ்ஓ 6789 போட்டிருக்கா, ரிப்பேர் பண்ண ஸ்பேர் கிடைக்குமா, ஜிஎஸ்டி பில் தருவீங்களா. "பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுத் தரேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. பில் இல்லாம வாரன்டி கேக்க முடியாது. டூல் உங்களோடதுதான்னு காட்டவும் அந்த பில்தான் ஆதாரம். பிளான்ட் கேட்டுல செக்யூரிட்டி நிறுத்தினா அப்போ தெரியும் பில்லோட அருமை.

ஆன்லைன்ல வாங்கினாலும் இதே நாலு கேள்விதான். நோ காஸ்ட் இஎம்ஐ பார்த்து 15,000 ரூபாய் ரெஞ்சுக்குப் போகாதீங்க. பிராசசிங் ஃபீஸ் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. அதுக்கு மேல, கிரெடிட் கார்டு இஎம்ஐன்னா பேங்க் கணக்குல வட்டின்னு காட்டுற தொகைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். ஒரு டூலை இஎம்ஐ போட்டுத்தான் வாங்க முடியும்னா, இப்போதைக்கு அந்த விலை டூல் நமக்கு இல்லன்னு அர்த்தம். ரெண்டு மாசம் சேர்த்து வச்சு வாங்குங்க.

கிளிக் கேட்டா மட்டும் போதாது

1990 ஜூன் 10. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தோட முன்பக்கக் கண்ணாடி நடுவானத்துல பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கேப்டனோட உடம்பு பாதி வெளிய தொங்குச்சு. துணை விமானி விமானத்தைப் பத்திரமா இறக்கினார். கேப்டனும் பிழைச்சார். அந்தக் கண்ணாடியை ராத்திரி ஷிஃப்ட்ல மாட்டினவர் டார்க் அளவு பார்த்துத்தான் இறுக்கியிருந்தார். ஆனா 90 போல்ட்டுல 84 போல்ட் தேவைக்கு மெலிசானது. மிச்சம் 6 நீளம் குறைஞ்சது. டார்க் பார்த்தாச்சு, ஆனா போல்ட் தப்பு.

நமக்கும் இதுதான் பாடம். 1,000 ரூபாய் அதிகம் போட்டு ரெஞ்ச் வாங்கிட்டு, 20 ரூபாய் மிச்சம் பிடிக்க தேஞ்ச போல்ட்டையே திரும்பப் போடாதீங்க. மரையை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணுங்க. மேனுவல்ல எண்ணெய் போடச் சொல்லலன்னா போடாதீங்க. வீல் நட்டை எதிர் எதிரா இறுக்குங்க. 50-ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை திரும்பப் பாருங்க. கிளிக் ஒரு தடவை கேட்டதும் நிறுத்துங்க. ரெண்டு, மூணு தடவை கிளிக் பண்ணினா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடிப் போகும்.

ரெஞ்சுக்கும் நாலு விதி. போல்ட்டைக் கழட்ட இதை எடுக்காதீங்க, அதுக்கு சாதாரண ஸ்பேனர் இருக்கு. கைப்பிடியில பைப் சொருகாதீங்க. வேலை முடிஞ்சதும் ஸ்கேல்ல இருக்குற குறைஞ்சபட்ச அளவுக்கு இறக்கி வைங்க, அதுக்கும் கீழ திருகாதீங்க. எண்ணூர், காசிமேடு பக்கம் வீடுன்னா துணியால துடைச்சு, லேசா எண்ணெய் தடவி, பெட்டிக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வைங்க. புது ஷூ பெட்டியில வர்ற பாக்கெட்டே போதும்.

இந்த மாசச் சம்பளம் வந்ததும் கடைக்குப் போறதா இருந்தீங்கன்னா, அதுக்கு முன்னாடி மேனுவலைத் திறந்து அந்த போல்ட் லிஸ்ட்டை எழுதுங்க. கம்பெனி வேலைக்குன்னா, சூப்பர்வைசர்கிட்ட கேள்வியைக் கேளுங்க. ரெண்டுக்கும் பைசா செலவில்ல. 5,000 ரூபாய் செலவு பண்றதா வேண்டாமாங்கிறது அதுலயே தெரிஞ்சிடும்.